வ வராத கீபோர்டு

அவனை இந்தப் பக்கங்களில் 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் நாயை விரட்டினால்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவது உண்டு. நானும் 'சொல்லுங்க சார், சரிங்க சார், ஆகட்டுங்க சார்' என்று எட்டு மாதம் பேசினேன். அவனுக்குக் கொடுக்க வேண்டிய 'ங்க' எல்லாம் அந்த எட்டு மாதத்திலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டேன். இனி அவனுக்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்த டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ், கோயில் கும்பாபிஷேக அழைப்பு, இப்படி எதைக் கொண்டுவந்தாலும் கம்ப்யூட்டரில் அடித்து, அச்சுக்குப் போகிற மாதிரி தாளில் எடுத்துக் கொடுப்போம். இரண்டே கம்ப்யூட்டர். ஒன்று வெளியே ஹாலில், நான் அடிப்பது. இன்னொன்று கண்ணாடித் தடுப்புக்குள் ஏ.சி. ரூமில், அவன் அடிப்பது. அந்த ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். சாமி அறைக்குக்கூட அவ்வளவு கெடுபிடி இருக்காது.

முதலாளி தாராபுரம் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். அவன் முதலாளி சம்சாரத்தின் தம்பி. டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன், ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவன், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப் போல அளந்து பேசுவான். நான் அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அப்பனும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியும் பருத்தி எடுத்தும் என்னைப் படிக்கவைத்தார்கள். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஹையர் பாஸ். கீழே பார்க்காமல் அடிப்பேன். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அடிப்பேன்.

சேரும்போது முதலாளி சொன்னது இது: "தீபாவளி வரைக்கும் பாக்கலாம் அம்மணி. கை சுத்தமா இருந்துச்சுன்னா அந்தச் சேர் உனக்குத்தான்."

தப்பில்லாமல் அடித்தால் ஹாலில் இருக்கிற அந்த நாற்காலி எனக்கு நிரந்தரம் என்று அர்த்தம். கை சுத்தமாக இல்லாவிட்டால் எங்கே போவேன் என்பதும் எனக்குத் தெரியும். அக்கா போன பஞ்சு மில்லுக்குத்தான். மூன்று ஷிஃப்டு. அக்கா பேசினால் நடுநடுவே இருமுவாள். அவளே என்னிடம் சொல்லியிருந்தாள், "நீயாச்சும் ஃபேனுக்கடியில உக்காரு கண்ணு" என்று. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வேறு எதையும் நான் அந்த வருஷம் ஆசைப்படவில்லை.

கீபோர்டு பற்றிச் சொல்லவேண்டும். இப்போது வருகிற மெத்துமெத்தென்ற சாதனம் இல்லை அது. தூக்கினால் கை வலிக்கும். ஒவ்வொரு கீக்கும் அடியில் தனித்தனியாக ஒரு குட்டி டப்பா, அதற்குள் ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் வழுக்குகிற ஒரு பிளாஸ்டிக் துண்டு. அடித்தால் 'டக்' என்று சத்தம் வரும். அந்தத் துண்டின் தலையில் ஒரு குழி. எழுத்து அச்சடித்த மூடி ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சின்னக் கால் இருக்கும். அதை அந்தக் குழியில் செருகினால் சரியாக உட்கார்ந்துகொள்ளும். இங்கிலீஷ் எழுத்துதான் அச்சடித்திருக்கும், தமிழுக்கு அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். விரல் பட்டுப் பட்டு ஸ்டிக்கர் உரிந்துபோய்விட்டது. எனக்கு ஸ்டிக்கரே தேவையில்லை. அவனுக்குத் தேவை. பார்த்துப் பார்த்து அடிக்கிறவன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் ஹாலைக் கழுவிவிட்டு நேரமே ஊருக்குக் கிளம்பினேன். நான் போனபிறகு அவன் மெட்ராஸிலிருந்து வரவழைத்த தமிழ் எழுத்து மூடிகளை எடுத்து, பழைய மூடிகளைக் கழற்றி, இரண்டு கீபோர்டிலும் மாட்டியிருக்கிறான். முதலில் என் கீபோர்டு. அதில் கை பழகிய பிறகு தன்னுடையது. மறுநாள் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டல் கொடுத்து, பூஜை ஆனது. புது மூடிகள் பளபளவென்று இருந்தன. "எப்படி?" என்று கேட்டான். "ரொம்ப அழகா இருக்குதுங்க சார்" என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

அடுத்த வாரமே வம்பு வந்தது. எங்கள் அன்னூரிலேயே ஒரு விதைக்கடை. நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். 'துவரை, அவரை' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'துவரை, அரை' என்று அச்சாகிப் போய்விட்டது. கடைக்காரர் ஒரு கட்டு நோட்டீஸைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டு, "அரைன்னா என்னங்க? அரைக் கிலோவா, அரைப் படியா?" என்று முதலாளியைக் கேட்டார்.

அடித்ததைப் படித்துப் பார்த்துத் திருத்துவது அவன் வேலை. படித்ததாக ஓரத்தில் கையெழுத்தும் போட்டிருந்தான். முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது கொஞ்சமும் கூசாமல் சொன்னான்: "நான் திருத்திக் கொடுத்தேன் மாமா. இந்தப் பொண்ணு மாத்தாம விட்டுடுச்சு."

"இல்லீங்க சார், எங்கிட்ட அப்படி ஒண்ணும் வரலீங்க" என்றேன்.

அவன் சிரித்தான். "விடுங்க மாமா. அன்னூர்ப் பக்கம் வ-ங்கற எழுத்தே கிடையாது. வீடு கிடையாது, ஊடு. விழுந்தான் கிடையாது, உழுந்தான். நாக்குல இல்லாத எழுத்து விரல்ல மட்டும் எப்படி வரும்?"

முதலாளி சிரித்தார். விதைக்கடைக்காரரும் சிரித்துவிட்டார், அவரும் அன்னூர்க்காரர்தான். என்னைத் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை. காது மடல் சுட்டது. நான் என் இடத்துக்கு வந்து அந்த நோட்டீஸை மறுபடி அடித்தேன், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. எல்லா வ-வும் வந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு நான் விளையாட்டுப் பொருள். காலையில் படியேறி உள்ளே வந்தால், "அணக்கம் அம்மணி! அந்தாச்சா?" வணக்கத்திலும் வந்தாச்சாவிலும் வ-வை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பேசுவான். டீயோடு வடை வந்தால், "அடை சாப்புடறியா?" வருகிற கஸ்டமரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பான். நான் தலைகுனிந்து அடித்துக்கொண்டிருப்பேன். அடிக்க அடிக்க வ விட்டுப்போய்க்கொண்டேயிருக்கும். 'திருவளர்ச்செல்வன்' என்று அடித்தால் 'திருவளர்ச்செல்ன்' என்று வரும். 'வருக வருக' என்று அடித்தால் 'வருக ருக'. முதல் வ வரும், அதற்குக் கிட்டத்தில் இன்னொரு வ இருந்தால் வராது. ஒரு பக்கத்துக்கு ஏழு எட்டு இடத்தில் பின்னால் போய்ப் போய்த் திருத்தவேண்டியிருந்தது. என் வேகம் பாதியாகிவிட்டது. முதலாளி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நானே அவன் சொன்னதை நம்பிவிட்டேன். நிஜமாகவே என் நாக்கில் குறை இருக்கிறதோ, அதுதான் விரலுக்கு இறங்குகிறதோ என்று தோன்றிவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு 'வீடு, விறகு, விளக்கு, விழுது' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். ஒரு சாயங்காலம் வாசலில் போய் நின்றதும் அம்மா எப்போதும்போல, "ஊட்டுக்குள்ள வா கண்ணு, காலெல்லாம் தூசி" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "வீடும்மா, வீடு! ஒரு தடவையாச்சும் ஒழுங்காச் சொல்லித் தொலையேன்" என்று கத்தினேன்.

அம்மா கையில் இருந்த செம்பை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குக் கேட்காத மாதிரி 'வீடு' என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். அதைப் பார்த்தேனே, அந்த நிமிஷத்துக்காக அவனை நான் மன்னிக்கவே இல்லை. இன்றுவரை இல்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கீபோர்டைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு பார்த்தேன். அதுவரை நான் கீழே பார்த்ததே இல்லை, அதுதான் நான் செய்த முட்டாள்தனம். டைப்ரைட்டிங்கில் கீழே பார்த்தால் அடி விழும். அந்தப் பழக்கம். பக்கத்தில் இருந்த ச-வை அமுக்கினேன், 'டக்' என்று போய் 'டக்' என்று மேலே வந்தது. வ-வை அமுக்கினேன். 'சொத்' என்று போனது. மேலே வர மனசே இல்லாமல் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அது முழுதாக எழுந்து வருவதற்குள் விரல் மறுபடி விழுந்தால் எழுத்து பதியாது. மெதுவாக அடித்தால் பதியும். என் நாக்கில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

முதலாளியிடம் ஓடினேன். "சார், அந்த வ கீ ஒட்டுதுங்க. அதனாலதான் எழுத்து விட்டுப்போகுதுங்க."

அவர் மச்சினனைக் கூப்பிட்டார். அவன் வந்து நின்றபடியே ஒற்றை விரலால் ஐந்து தரம் அமுக்கினான். நிதானமாக, ஒன்று எழுந்து வந்தபிறகு அடுத்தது. திரையில் வ வ வ வ வ என்று ஐந்தும் வரிசையாக நின்றன.

"பாத்தீங்களா மாமா? கீ ஒட்டுதாம் கீ."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் நாற்காலி பாதி போய்விட்டது. "தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரந்தான் இருக்குது அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தூசிதான் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். ஊதிப் பார்த்தேன், போகவில்லை. கீழே தையல்கடை அக்காவிடம் மிஷின் எண்ணெய் வாங்கி, ஹேர்பின் நுனியில் தொட்டு, மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சொட்டு விட்டேன். அன்று பொழுதுக்கும் வெண்ணெயாக ஓடியது. பாரு, ஜெயிச்சுப்புட்டேன் என்று நினைத்துக்கொண்டு போய்த் தூங்கினேன். மறுநாள் வந்து பார்த்தால் தூசியெல்லாம் எண்ணெயில் சேர்ந்து முன்னைக்காட்டிலும் மோசம். போன கீ திரும்பி வரவே யோசித்தது. டைப்ரைட்டர் இன்ஸ்டிட்யூட்டில் இதைத்தான் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள், எழுத்துக் கம்பியில் எண்ணெய் விடாதே என்று. அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

மத்தியானம் முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போவார். அவன் மெஸ்ஸுக்குப் போவான், போனால் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் ஹேர்பின் இரண்டை எடுத்து வளைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ச மூடியின் இரண்டு பக்கமும் கொடுத்து மேலே இழுத்துப் பார்த்தேன். 'பட்' என்று கையோடு வந்தது. திரும்பச் செருகினேன், உட்கார்ந்துகொண்டது. தைரியம் வந்தது. வ-வுக்குக் கொடுத்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். மூடி மட்டும் வருவதற்குப் பதிலாக, அடியில் இருந்த டப்பாவின் மேல்பாகமே பெயர்ந்து, ஸ்பிரிங், வழுக்குத் துண்டு எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகக் கைக்கு வந்தது.

திருப்பிப் பார்த்தேன். மூடியின் அடியில் இருக்கவேண்டிய கால் உடைந்து குழிக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. புது மூடியின் கால் கொஞ்சம் தடிமன் போலிருக்கிறது, அவன் வைத்து அழுத்தியிருக்கிறான், உடைந்திருக்கிறது. உடைந்ததை யாருக்கும் சொல்லாமல், பசையை ஊற்றி மூடியை மேலே ஒட்டிவிட்டிருக்கிறான். நொடியில் ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பசை. அது மூடியோடு நிற்காமல் வழிந்து, வழுக்குத் துண்டின் பக்கவாட்டில் இறங்கி, வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. காய்ந்த பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது.

அடப்பாவி! தெரிந்தே செய்திருக்கிறான். பசை ஊற்றியவனுக்குத் தெரியாதா அந்தக் கீ ஏன் ஒட்டுகிறது என்று? ஐந்து தரம் அவ்வளவு நிதானமாக அமுக்கிக் காட்டினானே, அதுவும் தெரிந்துதான். இத்தனை நாளாக என் ஊரையும் என் அம்மாவின் வாயையும் இழுத்து வைத்துச் சிரித்தானே, அத்தனையும் ஒரு சொட்டுப் பசையை மறைப்பதற்காக.

அதை அப்படியே கொண்டுபோய் முதலாளியிடம் காட்டியிருக்கலாம். நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் உடைந்த சாமான் என் கையில் இருந்தது. 'இவ புடுங்கி ஒடச்சுட்டு என்மேல பழி போடறா மாமா' என்று அவன் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வீட்டில் பெண் எடுத்த மாமனுக்கு மச்சினன் பேச்சு காதில் ஏறுமா, களைவெட்டுக்காரர் மகள் பேச்சு ஏறுமா? எனக்கு அந்த மத்தியானம் நியாயம் வேண்டியிருக்கவில்லை. அவன் வாயில் அதே மண் விழவேண்டும். நான் குனிந்த மாதிரி அவன் குனியவேண்டும். 'நாக்குல இல்லாத எழுத்து' என்று அவனைப் பார்த்து ஒருத்தர் சொல்ல, அதை நான் காதால் கேட்கவேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. ரூமுக்குள் போனேன். அவன் கீபோர்டில் வ மூடியைப் பெயர்த்தேன், டப்பாவின் மேல்பாகத்தைப் பதமாக நெம்பி எடுத்தேன். ஸ்பிரிங் துள்ளி நாற்காலிக்கடியில் ஓடிவிட்டது. மண்டி போட்டுத் தேடிக் கண்டுபிடிக்கிறவரைக்கும் உயிர் என்னிடம் இல்லை. அவனுடைய நல்ல துண்டும் நல்ல மூடியும் எனக்கு, என்னுடைய பசைக்கட்டி அவனுக்கு. என் கீபோர்டின் டப்பாவுக்குள் ஒட்டியிருந்த பசைத் துணுக்கை ஊசியால் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் மாட்டினேன். மாட்டி முடித்து, கண்ணை மூடிக்கொண்டு என் பழைய வேகத்தில் 'வருக வருக வருக' என்று ஒரு வரி முழுக்க அடித்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அவன் மெஸ்ஸிலிருந்து ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தபோது நான் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்ன அம்மணி, ஏலை நடக்குதா?"

"நடக்குதுங்க சார்" என்றேன். அவ்வளவு பணிவாக நான் அதற்கு முன் யாரிடமும் பேசியதில்லை.

இரண்டு நாள் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அழிக்கிற கீயை அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. கொஞ்சம் அடிப்பான், நிறுத்துவான், அழிப்பான். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. யாரிடமும் அவன் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பான்? கீ ஒட்டுகிறது என்று சொன்னால் எந்தக் கீ என்று கேட்பார்களே. என் இடத்திலோ வேலை பறந்தது. 'அணக்கம்' சொல்வதையும் அவன் நிறுத்திக்கொண்டான்.

மூன்றாம் நாள் துடியலூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகனுக்குக் கல்யாணம். பெரிய பத்திரிகை, நான்கு பக்கம், சொந்தபந்தம் பேரெல்லாம் போடவேண்டும். பெரிய வேலை என்பதால் முதலாளியே அவரை ஏ.சி. ரூமுக்குள் அழைத்துப்போய் மச்சினன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தானும் பின்னால் நின்றுகொண்டார். நான் பழைய மாதிரிப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு போய்க் கதவோரம் நின்றேன். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன்.

அவன் அடிக்க ஆரம்பித்தான். கஸ்டமர் எதிரில் வேகம் காட்டவேண்டும் இல்லையா, காட்டினான்.

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் படித்தார். "ஏனுங்க தம்பி, எம்பையன் திருவளர்ச்செல்வனுங்க. செல்ன்னு வந்திருக்குதுங்களே."

அவன் அழித்துத் திருத்தினான். கழுத்து வியர்த்தது, அந்த ஏ.சி.யில். அடுத்த வரி.

"வருகிற நம்பர்... என்னங்க இது? நவம்பர் மாசமுங்க. நம்பர்னு போட்டா எந்த நம்பருன்னு கேப்பாங்க."

வரியையே அழித்தான். திரும்ப அடித்தான். 'நம்பர்' என்றுதான் மறுபடியும் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலாளியின் வாயைப் பார்த்தேன். இப்போது சொல்லுவார், இப்போது சிரிப்பார்.

முதலாளி குனிந்து கீபோர்டைப் பார்த்தார். "மிஷின்ல ஏதோ கோளாறுங்க. கம்ப்யூட்டருன்னா அப்படித்தானுங்க, திடீர்னு மக்கர் பண்ணும். மாப்ள, நாளைக்கே ஒரு புது கீபோர்டு வாங்கிரு" என்றார்.

"ஆமா மாமா, கீதான் ஒட்டுது" என்றான் அவன்.

நான் அப்படியே நின்றேன். இதே கீ. இதே பசை. என் கையில் இருந்த இரண்டு வாரமும் அது அன்னூர் நாக்கு. அவன் கைக்குப் போய் மூன்று வரி அடிப்பதற்குள் அது மிஷின் கோளாறு. நான் அவ்வளவு பாடுபட்டுச் செய்த பழிவாங்கல் ஒரு விநாடியில் ஒன்றுமில்லாமல் போனது. யாரும் சொல்லப்போவதில்லை என்று புரிந்தது. அதனால் நானே சொன்னேன்.

"மிஷின் இல்லீங்க சார். சார் பொறந்த ஊர்ல வ கெடையாதுங்க போல. நாக்குல இல்லாத எழுத்து வெரல்ல எப்படிங்க வரும்?"

துடியலூர்ப் பெரியவர் என்ன ஏது என்று தெரியாமலே 'கெக்கெக்கே' என்று சிரித்துவிட்டார். அவன் முகம் செத்துப்போனது. அந்த முகத்தை நான் ஆற அமரப் பார்த்தேன். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "என்ன அம்மணி பேசறே?" என்றார்.

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, அவனைத் தாண்டிக் கையை நீட்டி, வ-வை நெம்பி எடுத்து முதலாளியின் உள்ளங்கையில் வைத்தேன். "கால் ஒடஞ்சிருக்குதுங்க. பசை போட்டு ஒட்டியிருக்குதுங்க. பசைமேல கட்டைவெரல் ரேகை இருக்குது, சாரோட கையோட ஒத்துப் பாருங்க."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன், "இது என் கீபோர்டுல இருந்ததே இல்ல மாமா, இவ..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். பசைக் கீ எந்தக் கீபோர்டில் இருந்தது என்று தெரியும் எனத் தன் வாயாலேயே சொல்லி மாட்டிக்கொண்டது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நாந்தானுங்க மாத்திப் போட்டேன்" என்றேன். "அது எங்கிட்டதான் ரெண்டு வாரம் இருந்துச்சுங்க. அப்ப யாருமே மிஷினுன்னு சொல்லலீங்க."

பெரியவருக்குக் கல்யாண வேலை தலைக்குமேல். "உங்க பஞ்சாயத்த அப்பறம் பாருங்க சாமி. இந்த அம்மணியே அடிச்சுக் குடுக்கட்டும்" என்று எழுந்து ஹாலுக்கு வந்துவிட்டார். நான் என் இடத்தில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் அடித்தேன். தாத்தா பேர், மாமன்மார் பேர், வருக வருக, நவம்பர், எல்லாம். அவர் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தச் சொல்லவில்லை. தாளை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் படியிறங்கிய பிறகு முதலாளி என் மேஜைக்கு வந்தார். மச்சினன் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவன் பண்ணுனது தப்புத்தான் அம்மணி. நான் இல்லேங்கல. ஆனா நீ அவன் மிஷின்ல கை வெச்சுட்ட. கஸ்டமர் முன்னால அவனை அசிங்கப்படுத்திப்போட்ட. ஊட்டுல அவங்கக்காளுக்கு நான் என்ன பதில் சொல்றது? அவங்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுப்போடு. தீபாவளி கழிச்சு வந்து அந்தச் சேர்ல உக்காந்துக்க. உன் கை சுத்தமுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அக்காவின் இருமல் ஞாபகம் வந்தது. அம்மா செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது.

"அவரு மொதல்ல எங்கிட்டக் கேக்கட்டுங்க சார். அப்பறம் நான் கேக்கறனுங்க."

அவன் வேறு பக்கம் பார்த்தான். முதலாளி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையை உதறினார்.

"அப்ப செரி. நீ ஊட்டுக்குப் போ அம்மணி."

டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை போனவள் திரும்பினேன்.

"வீட்டுக்குங்க சார்" என்றேன். "உங்களுக்கும் வ வர மாட்டேங்குதுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன். அன்னூர் பஸ்ஸில் ஏறி, கணபதி தாண்டுகிற வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன், பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்துகொண்டார். சரவணம்பட்டி வந்தபோதுதான் வேலை போய்விட்டது என்பது உறைத்தது. அங்கிருந்து ஊர் வரைக்கும் அழுதேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாமோ என்று மட்டும் நினைக்கவில்லை.